பழைய சிந்தசைசரை ஃபோனுக்குள் கொண்டுவருவது: மாமாவின் கேசியோவில் இருந்து தொடங்கலாம்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலந்தாவளத்தில் இருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமா ஒரு காலத்தில் கானமேளா (மேடைப் பாட்டுக் கச்சேரி) குழுவில் கீபோர்டு வாசித்தவர். பரண் சுத்தம் செய்யும்போது மாமாவின் கேசியோ எஸ்கே-1 என்ற சின்னக் கீபோர்டு கையில் கிடைத்திருக்கிறது. மூக், கோர்க் மாதிரி கம்பெனிகள் தங்கள் பழைய சிந்தசைசர்களையும் (மின்சுற்றால் சத்தம் உண்டாக்கும் கீபோர்டு) சாம்ப்ளர்களையும் (வெளிச் சத்தத்தைப் பதிவு செய்து கட்டையில் வாசிக்கும் பெட்டி) ஃபோன் ஆப்பாக விற்கின்றனவே, அதை எப்படிச் செய்கிறார்கள்? அசல் சத்தம் வருமா? இந்த எஸ்கே-1ஐ நானே ஆப்பாகச் செய்ய முடியுமா? செய்தால் சட்டப்படி வம்பு வருமா?

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். சித்தூர், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் பக்கத்து உற்சவ மேடைகளில் பத்துப் பதினைந்து வருஷம் கீபோர்டு வாசித்தேன். முதல் பாட்டு தமிழ், இரண்டாவது மலையாளம், மூன்றாவது கூட்டம் எதைக் கத்துகிறதோ அது. இப்போது பகலில் ஒலி சம்பந்தமான நிரல் எழுதிப் பிழைக்கிறேன். ராத்திரியில் பழைய கீபோர்டுகளைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

தம்பி, உங்களால் செய்ய முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் கஷ்டம் இருக்காது. எல்லோரும் செய்கிற முதல் தப்பு, ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பதிவு செய்து, அந்த ஒலிக்கோப்புகளை ஆப்பில் அடுக்கிவிட்டு "எஸ்கே-1 ரெடி" என்பது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கே போய்வந்த மாதிரிதான் அது. கட்டையை வேகமாகத் தட்டினால் என்ன ஆகும், நான்கு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாவதை அழுத்தினால் எது செத்துப்போகும், மைக்கில் அதிகமாகக் கத்தினால் எப்படி உடையும், இதெல்லாம் பதிவில் வராது. அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பிடித்தால் சத்தம் தானாக வரும். நல்ல ஆப்புகள் எல்லாம் அதைத்தான் செய்திருக்கின்றன.

எஸ்கே-1ஐயே எடுத்துக்கொள்வோம். 1986இல் வந்தது. 32 சின்னக் கட்டைகள், ஒரே நேரத்தில் நான்கு சுரம். அதன் சாம்ப்ளர் 8 பிட், விநாடிக்கு சுமார் 9,380 தடவை ஒலியை அளக்கும், மொத்தம் 1.4 விநாடிதான் பிடிக்கும். கணக்குப் போட்டால் பதின்மூன்றாயிரம் பைட் சொச்சம். காலையில் சித்தப்பா அனுப்பும் குட்மார்னிங் படம் ஒன்று இதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இதே மாடல் ஒன்று ரிப்பேருக்கு வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் மேளம் முடிந்து ஆட்கள் செண்டையின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்த நேரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், "ஆசானே, ஒரே ஒரு அடி வேணும்" என்றேன்.

"ஒரு அடிக்கா என்னைக் கூப்பிட்டாய் மோனே?" என்று சிரித்துவிட்டு, இடந்தலையில் கோலால் ஒன்று போட்டார். பக்கத்தில் நின்ற பையன்கள் எல்லோருக்கும் காது அடைத்தது. எஸ்கே-1இல் கட்டையை அழுத்தினேன். தகர டப்பாவைத் தட்டினது போல ஒரு சத்தம் வந்தது. ஆசான் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கீழ்க் கட்டைகளுக்குப் போனதும் அது வேறு எதுவோ ஆகிவிட்டது. மழை நேரத்தில் தகரக் கூரைக்கு அடியில் யாரோ பெரிய அண்டாவை உருட்டுகிற மாதிரி. "இது என் செண்டை இல்லை, ஆனால் கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் "கொள்ளாம்" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விநாடிக்கு 9,380 தடவை அளந்தால் அதில் பாதி, 4,690 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியை ஒழுங்காகப் பிடிக்க முடியும். செண்டையில் கோல் தோலைத் தொடும் அந்த "டக்"கின் கூர்மையில் நிறைய அதற்கு மேலே இருக்கிறது. அந்த மேல்பகுதியை ஒரு வடிகட்டி (ஃபில்டர்) முழுமையாகத் தடுக்காவிட்டால் மீதி மடங்கிக் கீழே விழும். டியூப் லைட் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் ஒரு வேகத்தில் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியுமே, அதே சங்கதி. இதை அலியாசிங் என்பார்கள். வாசிக்கும்போது இன்னொன்று நடக்கிறது. அளந்து வைத்த எண்களில் இருந்து திரும்ப ஒலி உண்டாக்கும்போது, ஒவ்வொரு எண்ணும் அடுத்த எண் வரும்வரை படிக்கட்டு மாதிரி நிற்கிறது. அந்தப் படிக்கட்டின் முனைகள் 4,690க்கு மேலே ஒரு கண்ணாடிப் பிம்பத்தை உண்டாக்குகின்றன. தகரச் சத்தம் அதுதான். அப்புறம் 8 பிட் என்றால் 256 படிகள்தான். அடி ஓயும்போது சத்தம் மெலிந்து மெலிந்து கடைசி இரண்டு மூன்று படிக்குள் சிக்கிக் கரகரக்கும்.

இப்போது நீங்கள் ஆப் எழுதுகிறீர்கள். ஃபோன் விநாடிக்கு 48,000 எண்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. இணையத்தில் கிடைக்கும் நல்ல ஒலி நூலகம் ஒன்றை எடுத்து, 9,380இல் இருக்கும் கோப்பைக் கொடுத்தால், அது அழகாக இடைவெளிகளை நிரப்பிப் படிக்கட்டையே வழித்துவிடும். தகரம் போய்விடும். மூக்கடைத்தவன் பேசுவது போல மந்தமான ஒரு சத்தம் மிஞ்சும். "டிஜிட்டல் என்றால் உயிர் இல்லை" என்று பழைய ஆட்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஆப்புகளைக் கேட்டுவிட்டுத்தான். சரி, நிரப்பாமல் அப்படியே பிடித்து வைத்தால்? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 48,000ஐ 9,380ஆல் வகுத்தால் 5.117. ஆக ஒரு எண் ஐந்து முறை நிற்கும், அடுத்தது எப்போதாவது ஆறு முறை நிற்கும். அந்தச் சீரின்மை அசல் பெட்டியில் இல்லாத புது அழுக்கு ஒன்றைக் கிளப்பும். அதனால் முதலில் உள்ளே பல மடங்கு வேகத்தில் படிக்கட்டைக் கட்டி, பிறகு ஒழுங்கான வடிகட்டி வைத்து 48,000க்கு இறக்க வேண்டும். அசலின் அழுக்கு வேண்டும், நம்முடைய அழுக்கு வேண்டாம். இந்தத் தொழிலில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது.

சுருதி மாற்றும் விதத்தையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பழைய சாம்ப்ளர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மேல் கட்டையை அழுத்தினால் எண்களைப் படிக்கும் கடிகாரத்தையே வேகப்படுத்துவது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்து 1979இல் வந்த ஃபேர்லைட் சிஎம்ஐ இப்படித்தான். எட்டுக் குரல் (ஒரே நேரத்தில் எட்டுச் சுரம்), ஒவ்வொன்றுக்கும் தனிக் கார்டு, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓடும். இன்னொரு சாதி, கடிகாரத்தைத் தொடாமல் எண்களைத் தாண்டித் தாண்டிப் படிப்பது, அல்லது ஒரே எண்ணை இரண்டு தடவை படிப்பது. 1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 இந்த இரண்டாவது சாதி. 12 பிட், 26,040 ஹெர்ட்ஸ், மொத்தமே பத்து விநாடி நினைவகம். இடம் போதாமல் அமெரிக்க ஹிப்ஹாப் ஆட்கள் 33 வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓட்டிச் சுருக்கிப் பதிவு செய்து, பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். கஞ்சத்தனத்துக்குச் செய்த காரியம். அப்படி இறக்கும்போது வந்த முரட்டுத்தனத்துக்குத்தான் இன்றைக்கும் ஆள் ஆளாய் ஏங்குகிறார்கள்.

உங்கள் பெட்டி எந்தச் சாதி என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. ஃபோனில் இருந்து 1,000 ஹெர்ட்ஸ் சுத்தமான சுரம் ஒன்றை எஸ்கே-1க்குள் பதிவு செய்யுங்கள். லைன் அவுட்டில் இருந்து கணினிக்கு எடுத்து, கட்டை கட்டையாக வாசித்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தைப் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். முக்கியக் கோட்டுக்கு மேலே அந்தக் கண்ணாடிப் பிம்பமும் தெரியும். மேல் கட்டைக்குப் போகப் போகப் பிம்பமும் கூடவே அதே விகிதத்தில் ஏறினால் கடிகாரம் மாறுகிறது. சுரம் ஏற, பிம்பம் எதிரே இறங்கி வந்தால் கடிகாரம் நிலையானது. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நிரல் எழுத உட்கார்ந்தால் அரை வருஷம் வீணாகும். நான் வீணாக்கியிருக்கிறேன்.

அனலாக் சிந்தசைசர்கள் வேறு உலகம். அவற்றில் எண்ணே கிடையாது. 1970இல் வந்த மினிமூக் மாடல் டியில் மூன்று ஆசிலேட்டர்கள் (அலையை உண்டாக்கும் சுற்றுகள்), ஒரு வடிகட்டி, நினைவகம் சுத்தமாக இல்லை. பிடித்த சத்தம் கிடைத்தால் திருகுகள் எந்த எந்த நிலையில் நிற்கின்றன என்று காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மூக் கம்பெனியே 2018இல் இதை ஐஃபோன் ஆப்பாகக் கொண்டுவந்தது. ஊரடங்கு சமயத்தில் 2020இல் கொஞ்ச நாள் இலவசமாகவும் கொடுத்தார்கள். வீட்டில் அடைந்து கிடந்த எங்கள் பழைய குழு ஆட்களில் ஐஃபோன் வைத்திருந்த இரண்டு பேர் ஒரு வாரம் வேறு எதையும் தொடவில்லை.

அதை ஃபோனில் செய்வதில் முதல் தடை, ரம்பப் பல் மாதிரியான சா அலை. "ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கூட்டு, ஒன்றைத் தாண்டினால் கீழே இறக்கு" என்று இரண்டு வரியில் எழுதிவிடலாம். தாழ்ந்த சுரங்களில் சமாளிக்கும். 2,000 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பாருங்கள். சா அலையில் எல்லா மடங்கு ஹார்மானிக்கும் (2,000, 4,000, 6,000 என்று அடுக்கும் துணைச்சுரங்கள்) உண்டு. 22ஆவது ஹார்மானிக் 44,000 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 44,100 வேகத்தில் ஓடும் ஆப்பில் அது மடங்கி 100 ஹெர்ட்ஸாக வந்து விழும். 23ஆவது 46,000, அது 1,900இல் வந்து, அசல் 2,000க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சண்டை பிடிக்கும். சுரம் மேலே போகும்போது அடியில் ஏதோ ஒன்று கீழே இறங்கிப்போகிற மாதிரி கேட்கும். அனலாக் பெட்டியில் இது அறவே கிடையாது. பாலிபிளெப் என்ற முறையில், அலை செங்குத்தாக விழும் இடத்தில் மட்டும் இரண்டு எண்களைத் திருத்தி முனையை மழுக்குவார்கள். மலிவான வைத்தியம், ஃபோனுக்கு நன்றாகவே போதும். காசும் பொறுமையும் இருப்பவர்கள் அதோடு உள்வேகத்தையும் இரட்டிப்பாக்குவார்கள்.

இரண்டாவது தடை வடிகட்டி. எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டுகிறேன். மூக்கின் லேடர் ஃபில்டர் பெயருக்கு ஏற்றபடி ஏணிதான். டிரான்சிஸ்டர் ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு படி. ஒவ்வொரு படியும் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் தூரம்) 6 டெசிபல் வெட்டும், ஆக மொத்தம் 24. வெளியே வருவதைக் கொஞ்சம் திருப்பி உள்ளே அனுப்பினால் வெட்டும் இடத்தில் ஒரு முனகல் கூடும். அந்த இடத்தில் ஒவ்வொரு படியும் ஒலியை 1.414இல் ஒரு பங்காகக் குறைக்கிறது, நான்கு படிக்குக் கால் பங்கு. அதனால் திருப்பி அனுப்புவதை நான்கு மடங்கு ஆக்கினால் வடிகட்டி தானே பாட ஆரம்பித்துவிடும். உள்ளே எதுவும் அனுப்பத் தேவையில்லை.

கம்பியில் "திருப்பி அனுப்புவது" உடனே நடக்கும். நிரலில் அப்படி இல்லை. இப்போதைய வெளியீட்டைக் கணக்கிட இப்போதைய வெளியீடே வேண்டும். கோழியா முட்டையா கதை. பழைய ஆப்புகள் போன எண்ணின் வெளியீட்டை எடுத்துச் சமாளித்தன. அந்த ஒரே ஒரு எண் தாமதத்தால் உயரமான சுரங்களில் வடிகட்டியின் சுருதி விலகும், முனகல் கட்டுக்கடங்காமல் போகும். இப்போது சமன்பாட்டையே ஒவ்வொரு எண்ணுக்கும் தீர்த்துவிடுகிறார்கள். ஜீரோ டிலே ஃபீட்பேக் என்று பெயர். கூடவே ஒவ்வொரு படியிலும் டிரான்சிஸ்டர் எவ்வளவு தாங்கும் என்ற வளைவையும் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சத்தமாக வாசித்தாலும் மெதுவாக வாசித்தாலும் ஒரே குணம்தான் வரும். அசல் மூக்கில் முனகலைக் கூட்டினால் அடிச்சுரம் மெலிந்துபோகும். அதைக் குறை என்று நினைத்துத் திருத்திவிட்ட ஆப்புகள் உண்டு. திருத்தியதும் அது மூக்காக இல்லை.

கோர்க் இந்த விஷயத்தில் முன்னோடி. 1978இல் வந்த எம்எஸ்-20ஐ 2010இலேயே ஐபேடுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பிகளை விரலால் இழுத்து ஒரு துளையில் இருந்து இன்னொன்றில் செருகலாம். அசல் பேனலைப் படம் வரைந்து ஆப்பில் ஒட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மரச்சட்டம், திருகாணி, தூசி எல்லாம் வரைந்து வைத்திருப்பார்கள், கட்டைவிரலுக்கு மட்டும் இடம் இருக்காது. ஆனால் எம்எஸ்-20க்கு அந்தக் கம்பிகள்தான் கருவியே. அங்கே படம் வரைந்தது நியாயம்.

யமாஹா டிஎக்ஸ்7 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1983. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறை (ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டுவது), ஆறு ஆபரேட்டர்கள் (அலை உண்டாக்கிகள்), அவற்றை இணைக்க 32 வழிகள், 16 சுரம். 80களின் கடைசியில் சினிமாப் பாட்டுகளில் கேட்கும் கண்ணாடி மணி மாதிரியான மின்பியானோ பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இது பிறப்பிலேயே டிஜிட்டல் என்பதால் நிரலில் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவந்துவிடலாம். ராஃப் லெவியன் ஆண்ட்ராய்டுக்காகவே எழுதித் திறந்த மூலமாக வெளியிட்ட எஞ்சின் ஒன்று உண்டு. கணினியில் புகழ்பெற்ற டெக்ஸ்டு என்ற இலவச டிஎக்ஸ்7 அதன் மேல்தான் எழும்பியது. அதன் நிரலைப் படித்துப் பாருங்கள், பாடப்புத்தகம் மாதிரி. டிஎக்ஸ்7இன் 32 சத்தங்கள் கொண்ட ஒரு தொகுப்பு 4,096 பைட்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்த சத்தத்தை இன்றைக்கு ஃபோனில் ஏற்றினால் அப்படியே பாடுகிறது.

சரி, எஞ்சின் தயார். ஃபோனில் போட்டு வாசித்தால் இரண்டாவது பஞ்சாயத்து தொடங்கும்: தாமதம். ஒலியை ஃபோன் சின்னச் சின்னக் கட்டாக அனுப்புகிறது. 48,000 வேகத்தில் 128 எண் கொண்ட கட்டு என்றால் 2.67 மில்லிவிநாடிக்கு ஒருமுறை உங்கள் நிரல் அடுத்த கட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் "பட்" என்று வெடிக்கும். அதனால் அந்த ஓட்டத்துக்குள் நினைவகம் கேட்கக் கூடாது, கோப்பு திறக்கக் கூடாது, வேறு வேலைக்காகக் காத்திருக்கக் கூடாது. கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் மேடையில்தான் கற்கிறோம். ஐஃபோனில் இந்த விஷயம் ஆரம்பத்தில் இருந்தே பரவாயில்லை. இசை ஆப்புகள் முதலில் அங்கே குவிந்ததற்கு அதுவே பெரிய காரணம். ஆண்ட்ராய்டில் ரொம்ப நாள் அழுகைதான். 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் ஏஆடியோ என்ற ஒலி வசதி வந்த பிறகு, கூகுளின் ஓபோ நூலகத்தைப் பிடித்துக்கொண்டால் நல்ல ஃபோன்களில் வாசிக்கும்படி இருக்கிறது. மலிவான ஃபோன்களில் எதையும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு தாமதம் தாங்கும் என்று கேட்பீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக 10 மில்லிவிநாடி என்பது மூன்றரை மீட்டர் தூரம். பஞ்சாரி மேளத்தில் முன்வரிசைச் செண்டைக்கும் பின்வரிசை இலத்தாளத்துக்கும் அவ்வளவு இடைவெளி சாதாரணம், மேளம் உடைந்தா போகிறது? நிலையான தாமதத்தைக் கை கற்றுக்கொள்ளும். ஒரு தடவை 8, அடுத்த தடவை 25 என்று ஆடினால்தான் வாசிக்கிறவன் தடுமாறுவான். புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் கிட்டேயே சேர்க்காதீர்கள். அதில் நூறு மில்லிவிநாடிக்கு மேல் சாதாரணமாகப் போய்விடும், அதாவது நீங்கள் மேடையில் தட்டினால் மைதானத்துக்கு நடுவில் இருந்து சத்தம் வருகிற கணக்கு.

அப்புறம் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல், வெயில். பாலக்காட்டு உற்சவங்கள் பெரும்பாலும் மாசி பங்குனியில் உச்சத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைக்கும். வீட்டில் ஏசி அறையில் பத்துக் குரல் சுகமாக ஓடிய ஆப், மேடையில் சாயங்காலம் நாலு மணி ஒலிச் சோதனையில் ஆறு குரலுக்கே பொரிய ஆரம்பிக்கும். செயலியின் திறனில் பாதிக்கு மேல் தொடாதபடி எழுதுங்கள் என்பது என் கணக்கு.

ஃபோனை மேடையில் வைத்து வாசித்த முதல் தடவை நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில். மெல்லிய பாட்டு, சரணத்துக்கு முன்னால் நான்கு சுர மணிச்சத்தம், அதற்கு மட்டும் ஃபோன். இரண்டு சுரம் வந்தது. மூன்றாவதுக்குப் பதிலாகத் தேங்காய் வியாபாரியின் அழைப்பு வந்தது. என் ரிங்டோன் அப்போது ஒரு பழைய பக்திப் பாட்டு. மைதானத்தில் இருந்த எல்லாக் குழாய்களிலும் அது முழுசாகக் கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஒரு பெரியவர் கும்பிட்டே விட்டார். அன்றிலிருந்து மேடை ஏறினால் ஃப்ளைட் மோட். உங்கள் ஆப்பில், அழைப்பு வந்து ஒலி அறுந்தால் பிறகு தானாக எழுந்து நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். நிறைய ஆப்புகள் படுத்தே கிடக்கும்.

சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை, தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் காப்புரிமை இருந்தால் அது சுமார் இருபது வருஷத்தில் தீரும். மூக்கின் ஏணியும் யமாஹாவின் எஃப்எம்மும் எப்போதோ தீர்ந்துவிட்டன, அதனால்தான் ஆளாளுக்குச் செய்கிறார்கள். தீராதது பெயரும் சின்னமும். பெட்டியின் தோற்றத்திலும் கை வைக்காமல் இருப்பது நல்லது. சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் 1997இல் ரீபர்த் என்ற மென்பொருளில் ரோலண்டின் டிபி-303 பேஸ் சிந்தசைசர், டிஆர்-808 தாளப் பெட்டி இரண்டையும் கணினிக்குக் கொண்டுவந்தது, 2010இல் ஐபேடுக்கும் வந்தது. 2017இல் ரோலண்ட் தன் உரிமையைச் சுட்டிக்காட்டியதும் அந்த ஆப்பை விலக்கிக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்து!

சாம்ப்ளரில் இன்னொரு அடுக்கு உண்டு. பெட்டியின் ரோம் (ROM) சில்லுக்குள் கம்பெனி எரித்து வைத்த ஒலிப்பதிவுகளும் நிரலும் அவர்கள் சொத்து. கோர்க் எம்1 கீபோர்டின் 4 எம்பி ஒலிகளைக் கோர்க்கே 2015இல் ஐஎம்1 ஆப்பில் கொடுக்கலாம், ஃபேர்லைட்டின் நூலகத்தைப் பீட்டர் வோகலே 2011இல் ஐஃபோனுக்குக் கொண்டுவரலாம். நீங்களோ நானோ எடுத்துப் போட முடியாது. ஆகவே எஸ்கே-1இன் உள்ளே இருக்கும் பியானோ, புல்லாங்குழல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். 1.4 விநாடி, 8 பிட், நான்கு குரல் என்ற அந்த நடத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரையும் மாற்றிவிடுங்கள். செண்டை, இடக்கை, உருமி, உங்கள் பாட்டி உரலில் இடிக்கிற சத்தம் எதையாவது நீங்களே பதிவு செய்து உள்ளே வையுங்கள். வாசித்தவரிடம் கேட்டுவிட்டு, பெயரும் போடுங்கள். சினிமாப் பாட்டில் இருந்து ஒன்றரை விநாடிதானே என்று வெட்டிப் போடாதீர்கள். நம் நாட்டில் ஒலிப்பதிவு உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 வருஷம்.

எதில் எழுதுவது? முதலிலேயே சி++இல் இறங்க வேண்டாம். கணினியில் பியூர் டேட்டா என்ற மென்பொருளில் கட்டங்களுக்கு இடையே கம்பி இழுத்துப் பாருங்கள், இலவசம். பெட்டியின் குணம் அதில் பிடிபட்ட பிறகு, லிப்பிடி என்ற நூலகம் மூலம் அதையே ஃபோனுக்குள் ஓட்டலாம். ஃபாஸ்ட் என்றொரு மொழியும் உண்டு, ஒலிக்காகவே செய்தது, அதில் எழுதினால் சி++ தானே கிடைக்கும். விற்கிற அளவுக்கு வந்தால் ஜூஸ் என்ற சட்டகத்துக்குப் போகலாம். ஐபேடுக்கு எழுதினால் ஏயூவி3 வடிவத்தில் கொடுங்கள், மற்ற ஆப்புகளுக்குள் உங்கள் கருவியை ஏற்றி வாசிக்க அதுதான் வழி.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்புகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின. நான் காசு கொடுத்து வாங்கியதில் மூன்று அதோடு முடிந்தது. 1986இன் எஸ்கே-1 பேட்டரி போட்டால் பாடுகிறது. அதன் ஆப் உயிரோடு இருக்க நீங்கள் வருஷா வருஷம் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாதிரிப் பதிவுகளையும் அளவுக் குறிப்புகளையும் நிரலில் இருந்து பிரித்துத் தனியே பத்திரமாக வையுங்கள், ஆப் செத்தாலும் அவை மிஞ்சும்.

கடைசியாக, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பரணில் இருந்து எடுத்ததும் ஸ்விட்சைப் போடாதீர்கள். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், பழைய பல் துலக்கும் பிரஷில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருக வேண்டாம். அந்தக் காலக் கேசியோ பலவற்றில் நடுமுனை நெகட்டிவ், இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் பாசிட்டிவ். பெட்டியின் முதுகில் குறி போட்டிருக்கும், பார்த்துவிட்டுச் செருகுங்கள். புது செல் போட்டும் பாடவில்லை என்றால், மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்கு வாருங்கள், திறந்து பார்ப்போம்.